கொட்டிக்கிழங்கு வளக்கலாம் வாங்க: கிழங்கு வாங்குறதுல இருந்து தோண்டி எடுக்குற வரைக்கும்

கொட்டி வளக்கணும்னு ஆசப்பட்டு வர்ற புதுசுங்க முக்காவாசிப் பேரு ஒரே எடத்துலதான் கைய விடுறாங்க. கிழங்கு வாங்கி நட்டு, இலை சரசரன்னு வந்து, தண்ணிக்கு மேல பூவும் விட்டு, எல்லாம் நல்லாப் போய்ட்டு இருக்குறப்பவே திடீர்னு புது இலை வர்றது நின்னுடும், பழசெல்லாம் மஞ்சளாகிக் கரையும், ரெண்டு மூணு வாரத்துல தொட்டி மொட்டையா நிக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சு மண்ணோட சேத்து வெளிய கொட்டிடுவாங்க. அது சாகல, தூங்குது. அடியில கிழங்கு கல்லு மாதிரி கெட்டியா இருந்திருக்கும், தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அதனால மொதல்ல இத மனசுல ஏத்திக்கோங்க. இது மழைக்கு நெறஞ்சு வெயிலுக்கு வத்துற குளத்துல வாழப் பழகின செடி. தண்ணி இருக்குறப்ப இலை விட்டு, பூத்து, காய்ச்சு, சம்பாதிச்சதையெல்லாம் மாவாக்கிக் கிழங்குல போட்டு வெச்சுக்கும். தண்ணி வத்துறப்ப இலைய விட்டுட்டு சேத்துக்குள்ள படுத்துக்கும். நீங்க தொட்டியில வளத்தாலும் சரி கண்ணாடி அக்வேரியத்துல வளத்தாலும் சரி, கிழங்கோட இந்த வருசக் கணக்குப்படிதான் எல்லா வேலையும். எப்ப நடுறது, எப்ப உரம், எப்ப தண்ணிய எறக்குறது, எப்ப தோண்டுறது எல்லாத்துக்கும் பதில் அதுலயே இருக்கு.

எந்த வகை வாங்குறது

கொட்டியோட குடும்பத்துல இருக்குறதே அபோனோஜெட்டான்னு ஒரே ஒரு பேரினம்தான், அதுக்குள்ள அம்பதுக்கு மேல இனம் இருக்கு, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா, ஆஸ்திரேலியான்னு பரவிக் கெடக்கு. நம்ம கொட்டின்னு சொல்றது அபோனோஜெட்டான் நேட்டன்ஸ், இந்தியாவுலயும் இலங்கையிலயும் ஆழமில்லாத குளங்கள்ல தானா வர்றது. இலை நீட்டு நீட்டா தண்ணி மேல படுத்துக் கெடக்கும், பூ ஒத்தக் கதிரா மேல எழும்பி நிக்கும், வெள்ளையிலயோ லேசான ஊதாவுலயோ.

அக்வேரியத்துக்குன்னு விக்கிறதுல அதிகமா வர்றது க்ரிஸ்பஸ், ஓரம் சுருண்ட இலை, தண்ணிக்குள்ளயே அழகா நிக்கும். பாக்கெட்ல போட்டு வெறும் அபோனோஜெட்டான் பல்ப்புன்னு எழுதி வித்தா அது பெரும்பாலும் க்ரிஸ்பஸும் வேற ஏதோ ஒண்ணும் சேந்த கலப்பா இருக்கும். பாக்க மட்டும்னா தாராளமா வாங்குங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அத விட சுலபமான தண்ணிச்செடி கம்மி. ஆனா சாப்பிடுறதுக்கு அது வேணாம், ஏன்னு கடைசியில சொல்றேன்.

அண்டுலேட்டஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல பூக்குப் பதிலா தண்டுலயே குட்டிச் செடியும் குட்டிக் கிழங்குமா வரும், எடுத்து நட்டாப் போதும். உல்வேசியஸ் மடகாஸ்கர்காரன், வெளிர் பச்சையில முறுக்கின இலை, பெருசா வளரும், எடம் வேணும். இன்னொரு மடகாஸ்கர்காரனும் இருக்கான், மடகாஸ்கரியென்சிஸ், இலை முழுக்க ஓட்டையா வலை பின்னின கணக்கா இருக்குறது. இலை வளர வளர நரம்புக்கு நடுவுல இருக்குற செல்லுங்க தானா செத்து உதிர்றதுனாலதான் அந்த ஓட்டை. போட்டோவுல பாத்து மயங்கி அதுலயே ஆரம்பிக்காதீங்க, தண்ணி சுத்தமா இருக்கணும், சூடு ஏறக்கூடாது, பாசி படிஞ்சா அந்த வலைக்குள்ள இருந்து எடுக்கவே முடியாது. ரெண்டு சீசன் கொட்டி வளத்துட்டு அப்புறம் அதுக்குப் போங்க.

கிழங்கா கெடைக்குமா விதையா கெடைக்குமான்னு பாத்தா கிழங்குல ஆரம்பிக்கிறது நல்லது. விதை காயக்கூடாது, காஞ்சா முளைக்காது, அதனால கவர்ல போட்டு அனுப்புற காஞ்ச விதைய நம்பாதீங்க. தபால்ல வர்ற எதோ பொடி விதைய தண்ணியில தூவுனா புல்வெளி ஆயிடும்னு ஒரு விளம்பரம் சுத்திக்கிட்டு இருக்கு பாருங்க, அதுக்கும் கொட்டிக்கும் சம்பந்தமே இல்ல.

கிழங்க கையில எடுத்துப் பாக்குற விதம்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அமுக்குங்க. கெட்டியா இருக்கணும், அசையவே கூடாது. மேல ரோமம் ரோமமா பழைய வேர் ஒட்டிக்கிட்டு இருக்கும், கருப்பா, கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும், அது பிரச்சன இல்ல. அமுக்குனா உள்ள போகுதா, இல்ல தோல் மட்டும் கையோட வருதா, வேணாம். மோந்து பாருங்க, சேத்து வாசம் வரலாம், அழுகின வாசம் வரக்கூடாது. காஞ்ச கிழங்கா இருந்தா மொத நாள் தண்ணியில மெதக்கும், அதப் பாத்துப் பயப்பட வேணாம், ஊறினதும் எறங்கிடும்.

குளத்துல தானா கெடக்குறதப் பிடுங்கிட்டு வரலாமேன்னு தோணும். ஒண்ணு, அந்தக் குளம் யாரோட பொறுப்புலயாவது இருக்கும், கேக்காம எறங்காதீங்க. ரெண்டாவது, கொட்டிக்கிழங்கு பெரும்பாலும் பிரிஞ்சு பெருகாது, ஒரு கிழங்குக்கு ஒரு செடின்னுதான் கணக்கு, நீங்க எடுத்தா அங்க அந்தச் செடி அத்தோட போச்சு. நாலு காய்க்கதிர் பறிச்சு விதை எடுத்துக்கிட்டு வாங்க, அது குளத்துக்கும் வலிக்காது.

செடி எதுன்னு அடையாளம் தெரியாம எடுக்குறது இன்னும் மோசம். ஒரு முதிர்ந்த இலையப் பறிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. கொட்டியில காம்புல இருந்து நுனி வரைக்கும் நீளவாட்டுல சில நரம்புங்க ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடும், அதுங்களுக்கு நடுவுல குறுக்கு நரம்பு வரிசையா ஏணிப்படி போட்டாப்ல தெரியும். அல்லி இலை வட்டமா, காம்பு சேர்ற எடத்துல வெட்டுப் பட்டு இருக்கும், அதோட குழப்பிக்க மாட்டீங்க. குழப்பம் வர்றது தண்ணி ஓரத்துல வளர்ற சேம்பு வகையறாவோடதான், அதுல பலது வாயும் தொண்டையும் அரிச்சு வீங்க வைக்கும், சிலது விசம். பூவப் பாத்தா சந்தேகம் தீந்துடும், கொட்டிப் பூக்கதிர் தண்ணிக்கு மேல தொறந்து நிக்கும், சுத்தி மூடின பாளை மொட்டு விரியுறப்பவே உதிர்ந்து போயிருக்கும். சேம்பு வகையில கதிர சுத்தி மடல் நிக்கும். பூக்காத செடிய வெச்சு முடிவு எடுக்காதீங்க.

முளைக்க வைக்கிறது

வாங்கினதும் நேரா மண்ணுல அமுக்கிடாதீங்க. ஒரு அகலமான பாத்திரத்துல அஞ்சாறு சென்டிமீட்டர் தண்ணி ஊத்தி கிழங்க சும்மா போட்டு வைங்க, வெளிச்சம் படுற எடம், நேர் வெயில் வேணாம். தண்ணி 24ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருந்தாப் போதும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி மாத்துங்க. மேல வெள்ளையா பஞ்சு படிஞ்சா வெரலால தேச்சுக் கழுவி மறுபடி போடுங்க, கிழங்கு கெட்டியா இருக்குற வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது. ஒரு வாரத்துலயும் முளைக்கும், மூணு வாரமும் ஆகும், சிலது அதுக்கும் மேல அடம் பிடிக்கும்.

இந்த ஊற வைக்கிற வேலைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எது மேல் பக்கம்னு கிழங்கப் பாத்தா சட்டுன்னு தெரியாது. கூடவே ஒரு வில்லங்கம், கொட்டியில வேரும் இலையும் ஒரே பக்கத்துல இருந்துதான் கெளம்பும், முளையச் சுத்தி வேர் வந்து வெளிய வளைஞ்சு கீழ எறங்கும். இது தெரியாம வேர் வந்த பக்கம்தான் அடின்னு நெனச்சு தலகீழா நட்டவங்க எக்கச்சக்கம். அதனால பச்சையோ செவப்போ கலந்த ஊசி முளை ஒண்ணு எட்டிப் பாக்குற வரைக்கும் பொறுங்க, அந்தப் பக்கம் மேல, அவ்ளோதான்.

நடுறப்ப முக்கால்வாசி கிழங்கு மண்ணுக்குள்ள, முளையும் அதச் சுத்தின தோளும் வெளிய. முழுசா புதைச்சா அழுகுறதுக்கு வாய்ப்பு அதிகம். மெதந்து வந்துடுதுன்னா பக்கத்துல ரெண்டு கூழாங்கல்ல அணைச்சு வைங்க, மேல பாரம் வைக்காதீங்க. வேர் பிடிச்சதும் அதுவே உக்காந்துக்கும், சில வாரம் போனா தன்னால கொஞ்சம் உள்ளயும் எறங்கிக்கும்.

வெளிய தொட்டியில வளக்குறவங்களுக்கு

கிழங்கு வேணும்னா இந்த வழிதான். கண்ணாடித் தொட்டியில இலை வரும், பூ வரும், ஆனா கிழங்கு ஊதுறதுக்கு வெயிலும் சேறும் வேணும்.

தொட்டி ஆழத்த விட அகலம் முக்கியம். 40, 50 லிட்டர் பிடிக்கிற அகலமான பிளாஸ்டிக் டப் போதும், சிமெண்ட் தொட்டின்னா புதுசா இருக்குறப்ப சுண்ணாம்பு கக்கும், பல தடவ தண்ணி நெரப்பிக் கொட்டி ஊற வெச்சுட்டு அப்புறம் பயன்படுத்துங்க. அடியில 12ல இருந்து 15 சென்டிமீட்டருக்கு மண். எந்த மண்ணுன்னா களியும் வண்டலும் கலந்தது, கையில பிடிச்சா உருண்டை நிக்கணும். பூச்செடிக்குன்னு விக்கிற பாட்டிங் மிக்ஸ், தென்னை நார்க்கழிவு இதெல்லாம் மெதந்து தண்ணி முழுக்க டீ டிக்காசன் ஆக்கிடும், வேணாம். பச்சை சாணி போடவே போடாதீங்க, தண்ணிக்கடியில அது நொதிச்சு வேர அழுக வெச்சுடும், மீன் இருந்தா அதுவும் போச்சு. நல்லா மக்குன தொழு உரம் கொஞ்சம் அடி மண்ணோட கலந்துட்டு, அதுக்கு மேல சுத்தமான மண்ணு, அதுக்கு மேல ரெண்டு சென்டிமீட்டர் கழுவின ஆத்து மணல் இல்ல எம் சாண்ட் பரப்பிட்டா தண்ணி கலங்காது.

மண்ணு போட்டதும் கிழங்க நடாம மண்ணு மூழ்குற அளவுக்குத் தண்ணி விட்டு ஒரு வாரம் பத்து நாள் சும்மா வைங்க. குமிழ் குமிழா காத்து வரும், குச்சிய விட்டுக் கெளறி விடுங்க, வந்து அடங்கட்டும்.

செடிக்குச் செடி 15ல இருந்து 20 சென்டிமீட்டர் விடுங்க. ஆரம்பத்துல மண்ணுக்கு மேல அஞ்சு சென்டிமீட்டர் தண்ணிதான், இலை நீள நீள ஏத்திக்கிட்டே போய் 25, 30ல நிறுத்துங்க. மொதல்ல வர்ற இலைங்க தண்ணிக்குள்ளயே மெல்லிசா கண்ணாடி மாதிரி நிக்கும், அப்புறமாத்தான் மெதக்குற இலை வரும். மெதக்குற இலை வந்ததும் தண்ணிக்குள்ள இருந்த பழசு கரையும், அது நோய் இல்ல.

வெயில் ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரமாவது நேரா படணும். அதுக்கு மேல பட்டாலும் ஓகே, ஆனா சின்ன டப்புல மத்தியான வெயில்ல தண்ணி கொதிக்கிற அளவுக்குப் போகும், அப்ப ஒரு பக்கம் நெழல் வர்ற மாதிரி திருப்பி வைங்க. குழாய்த் தண்ணின்னா ஒரு நாள் தொறந்து வெச்சு ஊத்துங்க குளோரின் போயிடும், குளோரமின் கலக்குற தண்ணின்னா சும்மா வெச்சாப் போகாது, மீன் விடுறதா இருந்தா வாட்டர் கண்டிஷனர் போட்டுத்தான் ஆகணும்.

கொசு. இத விட்டுட்டு தண்ணிச்செடி பத்தி யாரும் எழுதக்கூடாது. தேங்கின தண்ணி ஒரு வாரம் நின்னாலே கொசு பெருகும், அதனால டப்புல கப்பி மாதிரி சின்ன மீன் நாலு விடுங்க, இல்லன்னா பிடிஐ (Bti) வில்லை, அதாவது கொசுப் புழுவக் கொல்லுற பாக்டீரியா கலந்த வில்லை போடுங்க, அது கொசுப் புழுவுக்குத்தான் எமன், செடிக்கோ மீனுக்கோ ஒண்ணும் ஆகாது. மண்ணெண்ணெய் ஊத்துறேன்னு கெளம்பாதீங்க, இலை மேல படிஞ்சு செடி மூச்சு முட்டிச் சாகும்.

அக்வேரியத்துல வளக்குறவங்களுக்கு

இது சின்னதா முடிச்சுடுறேன் ஏன்னா வேலையும் சின்னதுதான். அடியில அஞ்சுல இருந்து ஏழு சென்டிமீட்டர் மணல் இல்லன்னா பொடிக் கல்லு, கிழங்குப் பக்கத்துல ஒரு ரூட் டேப், அதாவது வேர்ப் பக்கம் புதைக்கிற உர மாத்திரை, புதைச்சு வைங்க, கொட்டி வேர் வழியாத்தான் நல்லா சாப்பிடும். லைட் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதுக்கு மேல போட்டா பாசிதான் கொண்டாடும். சிஓடூ (கரியமில வாயு) தனியா விடத் தேவையே இல்ல. தொட்டியோட பின் பக்கமா நடுங்க, ஏன்னா இலை 30, 40 சென்டிமீட்டர் போறது சாதாரணம், முன்னாடி நட்டா மத்த எதுவும் தெரியாது. மெதக்குற இலை அதிகமா விட்டா கீழ இருக்குற செடிக்கு வெளிச்சம் மறையும், அடியோட கத்தரிச்சு விடலாம், ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டாதீங்க. கோல்ட்ஃபிஷ், பெரிய சிக்லிட் எல்லாம் கிழங்க நோண்டி மெதக்க விட்டுடும், டெட்ரா, கப்பி, ராஸ்போரா மாதிரி சாதுவான மீன் சரியா இருக்கும்.

வாரா வாரம் பாக்க வேண்டியது

உரம் இலை விடுற காலத்துல மட்டும். ரூட் டேபோ, துணியில சுத்தின கொஞ்சம் மண்புழு உரமோ, மாசம் ஒரு தடவ வேர்ப் பக்கம் புதைச்சாப் போதும். யூரியாவ தண்ணியில தூவுற பழக்கம் சிலருக்கு இருக்கு, தண்ணி பச்சையாகி மீன் செத்து மெதக்குறதுக்கு அத விட நல்ல வழி இல்ல.

தண்ணி பச்சையாச்சுன்னா பதறி மொத்தத்தையும் எறைக்காதீங்க. புது டப்புல மொதல்ல பாசி வர்றது சகஜம், மெதக்குற இலை பாதி டப்ப மூடினதும் வெளிச்சம் கொறஞ்சு தானா தெளியும். நூல் பாசின்னா குச்சியில சுத்தி எடுத்துருங்க. பாசி மருந்து, நத்தை மருந்துல பெரும்பாலும் தாமிரம் இருக்கும், கொட்டிக்கும் ஆகாது, சாப்பிட நெனக்கிற கிழங்குக்குக் கண்டிப்பா ஆகாது.

இன்னொரு எதிரி இலை வெட்டுற தண்ணிப் புழு. ஒரு காலையில பாத்தா மெதக்குற இலை ஓரத்துல நீள்வட்டமா, கத்தரிக்கோல் வெச்சு வெட்டுன மாதிரி துண்டு போயிருக்கும், அந்தத் துண்டு பக்கத்துலயே மெதந்துக்கிட்டு இருக்கும். அதத் திருப்பிப் பாருங்க, ரெண்டு துண்ட நூலால ஒட்டி நடுவுல ஒரு புழு சொகுசாப் படுத்திருக்கும், இல்லன்னா இலையோட அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். சின்ன வெள்ளை, பழுப்பு அந்துப்பூச்சியோட குஞ்சு அது. கையால பொறுக்கி எடுக்குறதுதான் மருந்து, காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ, ஒரு வாரம் விடாம பண்ணா அடங்கிடும். அசுவினி வந்தா இலைய தண்ணிக்குள்ள அமுக்கி ஆட்டி விடுங்க, கழண்டு மெதக்கும், மீன் பாத்துக்கும். பூச்சி மருந்து அடிக்கிற எண்ணமே வேணாம்.

பூ, விதை

கிழங்கு பெருக வழி இதுதான்னு சொன்னேன் இல்லையா, உருளைக்கிழங்க வெட்டி நடுற மாதிரி கொட்டிய வெட்டி நட்டா ரெண்டும் அழுகத்தான் பாக்கும். வயசான பெரிய கிழங்குல சில சமயம் தனித்தனி முளை வரும், அத மட்டும் பிரிக்கலாம். மத்தபடி விதைதான், அதனால சாப்பிட நெனக்கிறவங்க பூவ வீணாக்கவே கூடாது.

கதிர் தண்ணிக்கு மேல வந்து கீழ இருந்து மேலயா பூ விரியும். வெளிய இருந்தா ஈயும் தேனீயும் பாத்துக்கும். வீட்டுக்குள்ளன்னா பொடி பிரஷ் ஒண்ணு எடுத்து காலையில வெயில் ஏறினதும் கதிர மேலயும் கீழயும் மெதுவா தடவுங்க, பிரஷ் நுனியில மஞ்சப் பொடி ஒட்டிச்சுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம், அடுத்த செடியோட கதிருக்கும் அதே பிரஷ்ஷால தடவுங்க. சில வகை தன்னோட மகரந்தத்துலயே காய்ச்சுடும், சிலது வேற செடியோடது இருந்தாத்தான் காய்க்கும், அதனால ஒண்ணுக்கு ரெண்டா வளக்குறது லாபம். பூக்குறப்ப கதிர் நனையாமப் பாத்துக்கோங்க.

காய் பிடிச்சா கதிர் தடிச்சு பச்சையா கொத்துக் கொத்தா உருண்டு வரும், பாரத்துல சாஞ்சு தண்ணியில படுத்துக்கும். சில வாரத்துல காய் வெடிச்சு விதை தண்ணி மேல கொஞ்ச நேரம் மெதந்துட்டு மூழ்கிடும், இந்தக் கொஞ்ச நேரத்துலதான் எல்லாரும் தவற விடுவாங்க, அதனால காய் முத்துன மாதிரி தெரிஞ்சதும் கதிருக்கு மெல்லிசு வலைத்துணிப் பை ஒண்ணு கட்டி விடுங்க. எடுத்த விதைய காய விடாம உடனே ஆழமில்லாத தட்டுல சேறும் மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் தண்ணியும் வெச்சுப் போடுங்க, சில நாள்லயே பச்சை ஊசியா நிக்கும். மொத கொஞ்ச மாசம் நத்தை அண்ட விடாதீங்க. ஒரு விரல் நீளம் வந்ததும் டப்புக்கு மாத்தலாம். மொத சீசன்ல கிழங்கு பட்டாணி அளவு கூட வராது, அத அப்படியே தூங்க விட்டு அடுத்த சீசனுக்கு எழுப்புங்க.

தூக்க காலம்

புது இலை வர்றது கொறஞ்சு, வர்றதும் சின்னச் சின்னதா வந்தா அதுதான் சிக்னல். அந்த நிமிசமே உரத்த நிறுத்துங்க. மஞ்சளான இலைய தானா கழண்டு வர்ற வரைக்கும் விடுங்க, பச்சை இருக்குற வரைக்கும் கிழங்குக்கு மாவு எறங்கிக்கிட்டே இருக்கும், அழகா இல்லன்னு கத்தரிச்சுட்டீங்கன்னா கிழங்குதான் இளைக்கும்.

வெளி டப்புல தண்ணி ஊத்துறத நிறுத்திட்டு தானா வத்த விடுங்க, மீன் இருந்தா மொதல்லயே வேற எடத்துக்கு மாத்திடுங்க. மேல் மண்ணு வெடிக்கலாம், அடி மண்ணு ஈரப்பசையோட இருக்கணும், டப்ப நெழல்ல தள்ளி வெச்சுட்டு எப்பயாவது ஒரு சொம்பு தண்ணி காட்டுனாப் போதும். ரெண்டு மூணு மாசம் இப்படி. எலியும் பெருச்சாளியும் கிழங்குக்கு வரும், மேல கம்பி வலை போட்டு வைங்க.

அக்வேரியத்துல க்ரிஸ்பஸ் கலப்பு எல்லாம் தூங்காமலே வருசக் கணக்கா ஓடும், இல்லன்னா இலைய உதுத்துட்டு அதே எடத்துலயே கொஞ்ச நாள் கெடந்துட்டு திரும்ப முளைக்கும், தொந்தரவு பண்ணாம விட்டாப் போதும். மடகாஸ்கர் வகைங்களுக்குத்தான் கட்டாய ஓய்வு கேக்கும், கிழங்க எடுத்து ஈர மணல் போட்ட டப்பாவுல வெச்சு வீட்டுலயே குளுமையான இருட்டு மூலையில ரெண்டு மாசம் வைக்கிறது வழக்கம். ஃப்ரீசர்ல வைக்காதீங்க, வெப்ப மண்டலச் செடிக்கு அது சாவு.

தோண்டுறதும் சாப்பிடுறதும்

மொதல்ல தடை. அக்வேரியக் கடையில வாங்குன கிழங்கையும் அது போட்ட தொட்டியில வளந்ததையும் சாப்பிடாதீங்க. என்ன வகைன்னு உறுதியாத் தெரியாது, வளத்த எடத்துல என்ன பூச்சிமருந்து, மீனுக்கு என்ன மருந்துன்னும் தெரியாது. சாக்கடை கலக்குற குளம், ஃபேக்டரித் தண்ணி வர்ற குளத்துலயும் எடுக்காதீங்க, கன உலோகத்த வேக வெச்சாலும் போகாது. சாப்பிடணும்னா அடையாளம் உறுதியான கொட்டியில இருந்து விதை எடுத்து, சுத்தமான மண்ணுல, நீங்களே வளத்த அடுத்த தலைமுறைக் கிழங்குதான் சரி.

தோண்டுற நேரம் இலை முழுசா மடிஞ்ச பிறகு. பச்சையா இலை இருக்குறப்ப எடுத்தா கிழங்கு வத்தலா, மாவு கம்மியா இருக்கும். மண்வெட்டி போடாதீங்க, ஈர மண்ணுல கைய விட்டுத் துழாவினாலே தட்டுப்படும், உருண்டையா ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் குறுக்களவுல. இத முன்கூட்டியே சொல்லிடணும், ஒரு டப்புல இருந்து ஒரு கைப்பிடி வந்தா பெருசு, இத நம்பி சமையலத் திட்டம் போட முடியாது, கிலோ கணக்குல கிழங்கு வேணும்னா அதுக்கு வேற பயிர் இருக்கு. பொடிசையும், ரொம்ப நல்லா ஊதின நாலஞ்சையும் விதைக்குன்னு ஒதுக்கி மண்ணுக்கே திருப்பிக் குடுங்க. பெருசு எல்லாத்தையும் தின்னுட்டு சோப்ளாங்கிய நட்டா அடுத்த வருசமும் சோப்ளாங்கிதான்.

எடுத்தத பல தண்ணியில கழுவி, பழைய வேர சொரண்டி, உப்புப் போட்டு கத்தி முனை தடையில்லாம எறங்குற வரைக்கும் வேக வைங்க. வெந்ததும் தோல் சுலபமா உரியும், உள்ள வெள்ளையா மாவா இருக்கும். உள்ள கருத்துப் போனது, புளிச்ச வாசம் அடிக்கிறது இருந்தா தூக்கிப் போடுங்க. பச்சையா கடிச்சுப் பாக்குற வேலையே கூடாது, நன்னீர்ச் செடிங்க மேல தட்டைப்புழுவோட குஞ்சுங்க ஒட்டிக்கிட்டு இருக்க வாய்ப்பு இருக்கு, உள்ள போனா குடல்லயோ ஈரல்லயோ போய் உக்காந்துக்கும், நல்லா வேக வெச்சா அது செத்துடும். மொத தடவ சாப்பிடுறவங்க ஒண்ணு ரெண்டோட நிறுத்திட்டு மறுநாள் வயிறு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மேற்கொண்டு சாப்பிடுங்க.

திரும்ப எழுப்புறது

மழை சீசன் தொடங்குறப்ப, இல்லன்னா ரெண்டு மூணு மாசம் ஆனதும், மேல் மண்ண லேசா கெளறி கொஞ்சம் மக்குன உரம் அடியில குடுத்துட்டு அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி நிறுத்துங்க. மொத்தமா நெரப்பாதீங்க, முளைக்கு வெளிச்சம் எட்டாது. முளைக்கலைன்னு தெனமும் தோண்டிப் பாத்தா புது வேர் அறுந்து இன்னும் தள்ளிப் போகும், ஒரு மாசம் தாண்டியும் ஒண்ணும் வரலைன்னா மட்டும் எடுத்து அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா திரும்ப அதே எடத்துல வைங்க.

நாத்து அதிகமாப் போச்சுன்னா கேக்குறவங்களுக்குக் குடுங்க, மிச்சத்த காய வெச்சு மக்கு குழியில போடுங்க. ஆத்துலயோ ஏரியிலயோ கொண்டு போய் விடாதீங்க, முக்கியமா வெளிநாட்டு வகையையும் கலப்பையும். தென் ஆப்பிரிக்காவுல இருந்து போன டிஸ்டாக்கியோஸ்னு ஒரு அபோனோஜெட்டான் ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் தோட்டத்துக் குளத்த விட்டு வெளிய தாண்டி தானா வளந்துக்கிட்டு இருக்கு. டப்பு கழுவுன தண்ணியையும் சாக்கடையில விடாம செடி மண்ணுக்கு ஊத்திடுங்க, அதுல விதை இருந்தா மண்ணுலயே காஞ்சுடும்.